விரல் போனால் எத்தனை சதவீதம்?

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. ஐஸ் கம்பெனியில் மாதம் 12,000 ரூபாய் சம்பளம். ஐஸ் உடைக்கும் மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மாற்றுத்திறனாளி அட்டையில் 40 சதவீதத்துக்குக் கீழே போட்டதால் உதவித்தொகை கிடையாது என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்த முதலாளி, 'இத்தோடு கணக்கு முடிந்தது' என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: போட வேண்டாம். இங்கே இரண்டு சதவீதங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

அட்டையில் உள்ளது உடல் ஊனத்தின் அளவு. மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகைக்கு அது 40 இருக்க வேண்டும். 40க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பணத்துக்கு அலைவது வீண்.

இன்னொன்று, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்ற சதவீதம். வேலையிடத்து விபத்துக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீடு இதை வைத்துத்தான். இதற்கு 40 என்ற வாசற்படியே கிடையாது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரல் விரலாக எழுதியிருக்கிறது: கட்டைவிரல் முழுதாகப் போனால் 30, ஒரு கையில் மற்ற விரல்களில் இரண்டு போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. ஆள்காட்டி விரலில் நுனிக் கணு மட்டும் போனால்கூட 9.

உங்கள் கணவருக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். 35 வயதுக்கான பெருக்கு எண் 197.06. பெருக்கினால் 14,18,832. அதில் 20 சதவீதம் 2,83,766 ரூபாய். முத்திரைத்தாள் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு முதலாளி தனியாக ஏற்க வேண்டியது. அதை இந்தத் தொகையில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்தத் தாளும் செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு இழுபடும்.

மனுவை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய இழப்பீட்டு அதிகாரியிடமே போடலாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். கணவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும். அப்போது இ.எஸ்.ஐ.யே சிகிச்சை நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும், பிறகு ஊனத்துக்கேற்ற மாதப் பென்ஷனும் தரும். விபத்து என்றால் வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது என்று இதில் மறுக்க முடியாது.

இப்படிப்பட்ட வழக்குகள் பல தோற்பது ஆஸ்பத்திரியில் முதல் அரை மணி நேரத்தில்தான். போலீஸ் கேஸ் வேண்டாம் என்று கூட வந்தவர்கள் 'வீட்டுக் கதவில் நசுங்கியது' என்று சொல்லிவிடுவார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். பிறகு யார் வந்து சாட்சி சொன்னாலும் அந்த ஒரு வரியை வைத்தே மறுப்பார்கள். ஆகவே முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, கை எக்ஸ்ரே, சம்பளம் வந்த பாங்க் அல்லது ஜிபே பதிவு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். கையில் சம்பளம் வாங்கியவர் என்றால், கூட வேலை பார்த்த இருவர் பெயரை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்தால் அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ!

கேள்வி: பி.ஏ. முடித்தவள். போலியோவால் 45 சதவீத ஊனம். நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ஆட்குறைப்பு. 'ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பாக்கிச் சம்பளம் உடனே' என்கிறார்கள்.
- வாசகி, கீழக்கரை

பதில்: ராஜினாமா எழுதாதீர்கள். சம்பளப் பட்டியலில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வேலை இழந்தவர்களுக்கான அடல் பீமித் திட்டத்தில் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை, ஆயுளில் ஒரு முறை கிடைக்கும். தானாக விலகியவருக்கு அது இல்லை. தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். 'ஆட்குறைப்பு' என்று ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பத்திரம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா? வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகைக்கு மற்றவர்கள் பதிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்; மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய், 10 ஆண்டு வரை. மற்றவர்களுக்குள்ள 72,000 ரூபாய் குடும்ப ஆண்டு வருமான வரம்பும் உங்களுக்கு இல்லை. பலர் கோட்டை விடுவது புதுப்பித்தலில்: மூன்றாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்காவிட்டால் காத்திருந்த காலமெல்லாம் கணக்கில் வராது. தொகை வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணமும் தர வேண்டும்.

கேள்வி: தடைக்கால நிவாரணம் என் தம்பிக்கு வந்தது, எனக்கு வரவில்லை. இருவரும் கடலுக்குப் போகிறவர்கள்தான்.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்குத் தரும் 8,000 ரூபாய் ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. கல்யாணமாகித் தனி உலை வைத்தாலும் கார்டைப் பிரிக்காதவரை ஒரே குடும்பம்தான். தை மாதத்துக்குள் பிரித்துவிட்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் புதுக் கார்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். படகு கரையேறிய பிறகு ஓடினால் அந்த ஆண்டுப் பட்டியல் தாண்டிப் போயிருக்கும்.

கார்டு தனியாக இருந்தால் பாங்கைப் பாருங்கள். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ, ஆதார் வழியாக அனுப்பும் பணம் அதற்குத்தான் போகும். லோனுக்காகத் திறந்து மறந்த கணக்கில் நிவாரணம் தூங்கிக்கொண்டிருப்பது இந்தக் கரையில் சகஜம்.

கேள்வி: வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் கூலி கிடையாது. எங்களுக்கு ஏதும் உண்டா?
- வாசகி, வாலிநோக்கம்

பதில்: உண்டு. உற்பத்தி நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். நல வாரிய அட்டை இருந்தால் வேலை எளிது. வாரியத்தில் சேர 18 முதல் 60 வயது. அட்டையைக் காலாவதியாக விடாதீர்கள்.