கலர் வரல, தலை வெட்டுது, ஹெட் அடைச்சிருச்சு: வீட்டு கேமரா, பிரிண்டர் கேள்வி பதில்

ரெண்டு மூணு மாசமா வந்து குமிஞ்சு கெடந்த கேள்விங்களுக்கு இன்னிக்கு உக்காந்து ஒரேடியா பதில் எழுதிடலாம்னு ஆரம்பிச்சுட்டேன். நான் ஸ்டுடியோல பத்து வருஷம் பிரிண்ட் போட்ட ஆளு, இப்போ வீட்டுலயே ஒரு மூலைல கடை விரிச்சிருக்கேன். வந்த கேள்வில பாதிக்கு மேல "என் பிரிண்டர் மோசமா சார்"னுதான் ஆரம்பிக்குது. முழுசா படிச்சுப் பாத்தா பிரிண்டர் பாவம், சொன்னதைத்தான் செஞ்சிருக்கு, நாமதான் தப்பா சொல்லி வெச்சிருக்கோம்.

போன்ல பாத்தா படம் பளிச்சுனு இருக்கு, பிரிண்ட் போட்டா கருகின மாதிரி வருது. இங்க் கம்மியா ஊத்திட்டேனா?

இங்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. ஸ்கிரீன் தானே லைட் அடிக்குது, பேப்பர் அடிக்காது, ரூம்ல இருக்கற வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புது அவ்ளோதான். நீங்க போன் பிரைட்னஸ் முழுசா வெச்சுக்கிட்டு படத்தைப் பாத்து "நல்லாத்தான் இருக்கு"னு முடிவு பண்றீங்க, உண்மையில அந்த ஃபைல் கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கு, ஸ்கிரீன் அதை மறைச்சிருச்சு, பேப்பர் மறைக்க மாட்டேங்குது.

நான் பண்றது இதுதான். பிரைட்னஸை பாதிக்கும் கீழ இறக்கிட்டு, ஒரு வெள்ளை பேப்பரை ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சுப் பாப்பேன், ரெண்டு வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியற வரைக்கும் குறைப்பேன். அதுக்கப்புறம் படம் இருட்டா தெரிஞ்சா அதுதான் உங்களுக்கு வரப்போற பிரிண்ட். அப்பவும் சந்தேகமா இருந்தா ஒரே 4×6 பேப்பர்ல அதே படத்தை நாலு குட்டி படமா போடுங்க, ஒண்ணு அப்படியே, மத்த மூணும் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் ஏத்தி. எடுத்துட்டுப் போய் ஜன்னல் கிட்ட வெச்சுப் பாருங்க, டியூப்லைட் அடியில பாக்காதீங்க. எது பிடிச்சிருக்கோ அந்த அளவை எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த தடவை அதே பேப்பருக்கு அதே அளவு. ஒரு பேப்பர் வீணா போச்சேனு தோணும், ஆனா இது பண்ணாம ஏ4 போட்டோ பேப்பர் அஞ்சு வீணாக்கினவங்கள எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, பிரிண்ட் போட்ட உடனே கலரை முடிவு பண்ணாதீங்க. ஈரம் காயக் காய கலர் கொஞ்சம் மாறும்.

குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டப்போ எடுத்த குரூப் போட்டோ. 4×6ல போட்டா பின்னாடி நிக்கற பெரியப்பா தலை பாதி வெட்டிருது. போன்ல முழுசா இருக்கே?

இருக்கும், ஏன்னா போன் எடுக்கற படம் சாதாரணமா 4க்கு 3, 4×6 பேப்பர் 3க்கு 2. டிஎஸ்எல்ஆர்ல எடுத்தா பெரும்பாலும் 3க்கு 2லயே வரும், அதனால அப்படியே உக்காந்துக்கும். போன் படத்தை 6 இன்ச் அகலத்துக்கு நிரப்பினா உயரம் 4½ இன்ச் வேணும், பேப்பர் இருக்கறது 4 தான், ஆக மேல கால் இன்ச் கீழ கால் இன்ச் போயிரும். பத்தாக்குறைக்கு பார்டர்லெஸ் போட்டீங்கன்னா ஓரத்துல வெள்ளை தெரியக் கூடாதுன்னு பிரிண்டர் படத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கி பேப்பருக்கு வெளிய தள்ளும், பெரியப்பா மொத்தமா காலி.

வழி ரெண்டு இருக்கு. பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே 3க்கு 2னு கிராப் பண்ணி, கீழ தரையை வெட்டிட்டு மேல தலையைக் காப்பாத்துங்க. இல்லன்னா ரெண்டு பக்கமும் வெள்ளை விட்டு முழுசா போடச் சொல்லுங்க, மூணுல ஒரு பங்கு இன்ச் இந்தப் பக்கம், அதே அளவு அந்தப் பக்கம், பாக்கறதுக்கு ஒண்ணும் அசிங்கமா இருக்காது. அடுத்த தடவை எடுக்கும்போதே ரெண்டடி பின்னாடி போய் நின்னு தலைக்கு மேல கொஞ்சம் வானம் விட்டு எடுங்க.

வாட்ஸ்அப்ல வந்த கல்யாண போட்டோவை 12×18 போட்டு ஃபிரேம் பண்ணலாமா? ப்ராப்பர்ட்டில 72 டிபிஐனு வேற காட்டுது.

டிபிஐன்னா இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு. அந்த 72ஐ மறந்துருங்க, அது சும்மா ஃபைல் மேல ஒட்டின லேபிள். நீளத்துல எத்தனை பிக்சல், அகலத்துல எத்தனை பிக்சல்னு மட்டும் பாருங்க. நல்ல பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல்னு கணக்கு வெச்சா 4×6க்கு 1800க்கு 1200 போதும், மெகாபிக்சல்ல சொன்னா ரெண்டுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஏ4க்கு ஒம்போது மெகாபிக்சல் பக்கம். பழைய 18 மெகாபிக்சல் கேனான்ல வர்ற படம் 5184க்கு 3456, 5184ஐ 18 இன்ச்சால வகுத்தா 288, அதாவது 12×18க்கு தாராளம். 200 மெகாபிக்சல் போன் விளம்பரம் பாத்து ஏங்கறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பும்போது படத்தை சுருக்கிடும், நீளப் பக்கம் 1600 பிக்சல் பக்கம்தான் மிஞ்சும். மேக்ஸி சைஸ், அதாவது 4×6 போட்டா தெரியாது. 18 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 90 கூட தேறாது, மாப்பிள்ளை மீசை மெழுகு மாதிரி இருக்கும். எடுத்தவங்ககிட்ட கேட்டு அதே படத்தை டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஃபைல் அப்படியே வரும். சில பேரு ஸ்டேட்டஸ்ல பாத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி ஃபிளெக்ஸ் போடச் சொல்றாங்க, அவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல.

லேசர் பிரிண்டர்ல போட்டோ பேப்பர் வெச்சு கலர் பிரிண்ட் எடுக்கலாமா?

இங்க்ஜெட்டுன்னு போட்ட போட்டோ பேப்பரை லேசர்ல விடவே விடாதீங்க. உள்ள டோனர்ங்கற கலர் பொடியை உருக்கி ஒட்டற ரோலர் 200 டிகிரி பக்கம் கொதிக்கும், பேப்பர் மேல இருக்கற பூச்சு உருகி அதுல ஒட்டிக்கிச்சுன்னா ரிப்பேர் செலவு கண்ணைக் கட்டும். லேசருக்குன்னு தனியா கிளாஸி பேப்பர் இருக்கு, அது வேற.

இங்க் காயவே மாட்டேங்குது, கை பட்டா இழுவிருது.

பின்பக்கம் போட்டுட்டீங்க. இல்லன்னா செட்டிங்ல ப்ளெயின் பேப்பர்னு இருக்கு. பூச்சு இருக்கற பக்கம் எதுன்னு தெரியலேன்னா விரலை லேசா ஈரம் பண்ணிட்டு பேப்பர் மூலைல தொடுங்க, ஒட்டற மாதிரி பிடிச்சா அதுதான் முன்பக்கம். பேப்பர் டைப்ல கிளாஸின்னா கிளாஸி, மேட்டுன்னா மேட்டு, கரெக்டா குடுக்கணும், ஏன்னா அதை வெச்சுத்தான் எவ்ளோ இங்க் விடணும்னு பிரிண்டர் முடிவு பண்ணுது. மழைக்காலத்துல பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே மேசை மேல வெச்சா பேப்பர் சுருளும், ஜிப் கவர்ல போட்டு மூடி வைங்க.

ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தோம். இப்போ பிரிண்ட் எல்லாம் பச்சையா வருது, ஹெட் கிளீனிங் எட்டு தடவை குடுத்துட்டேன்.

முதல்ல கிளீனிங்கை நிறுத்துங்க சாமி. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் ஹெட்டுலேர்ந்து, அதாவது பேப்பர் மேல இங்க் தெளிக்கற பாகத்துலேர்ந்து, இங்க் உறிஞ்சி உள்ள இருக்கற வேஸ்ட் பேட்ல போய் சேருது, பேட் நிறைஞ்சிருச்சுன்னா பிரிண்டரே வேலை செய்ய மாட்டேன்னு நின்னுரும்.

பச்சையா வருதுன்னா மெஜெண்டா, அதான் ராணி பிங்க் மாதிரி இருக்கற இங்க், வரல. சிவந்து போய் வந்தா சயான்ங்கற வெளிர் நீல இங்க் அடைச்சிருக்கு, நீலம் ஊதான்னு இழுத்தா மஞ்சள் போயிருக்கு. நாசில்னா ஹெட்டுல இங்க் வர்ற குட்டி துளை. நாசில் செக் ஒண்ணு எடுத்துப் பாருங்க, படிக்கட்டு மாதிரி கோடுங்க வரும்ல, அதுல எந்தக் கலர்ல ஓட்டை விழுந்திருக்குன்னு தெரியும். ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். மூணு தடவைக்கு மேல போகாதீங்க. அப்பவும் வரலேன்னா பட்டன்ல ஆஃப் பண்ணிட்டு ராத்திரி பூரா விட்டுருங்க, காஞ்சு போனது ஊற டைம் வேணும், காலைல எழுந்து மறுபடி ஒண்ணு குடுங்க. பாதி கேஸு அதுலயே சரியாயிருது. டேங்க்ல இங்க் கீழ்க்கோட்டுக்கு கீழ போயிருந்தா காத்து ஏறியிருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

இது ஏன் வருதுன்னு சொல்றேன், என் வீட்டுல நடந்தது. எங்கம்மா ராத்திரி படுக்கப் போகும்போது வீட்டுல இருக்கற பிளக் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் படுப்பாங்க, கரண்ட் பில் மேல அவ்ளோ பயம். ஒரு நாள் பிரிண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுவத்துல இருக்கற சுவிட்சைத் தட்டிட்டாங்க. பிரிண்டர்ல இருக்கற பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணா ஹெட்டு ஓரமாப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள்ள உக்காந்துக்கும், காத்து படாது. சுவிட்சைத் தட்டினா நடுவுல எங்க நிக்குதோ அங்கயே வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும். நான் மறுநாள் காலைல வெளியூர் கெளம்பிட்டேன், மூணு வாரம் கழிச்சு வந்து பாத்தா கருப்பைத் தவிர ஒண்ணும் வரல, கடைசில ஹெட்டையே மாத்த வேண்டியதாப் போச்சு. இப்போ பிரிண்டர் பட்டன் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி "மொதல்ல இது"னு எழுதி வெச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாக் கலரும் வர்ற மாதிரி ஒரு சின்னப் படம் போட்டுருங்க, ஊருக்குப் போனா பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சாவி குடுத்துட்டுப் போங்க.

வளைகாப்பு போட்டோல அரக்கு சிவப்புப் பட்டுப்புடவை வெறும் சிவப்பு அட்டை மாதிரி இருக்கு, மடிப்பே தெரியல. முகமெல்லாம் ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் நீலம்.

இதை பிரிண்டர்ல சரி பண்ண முடியாதுங்க, எடுக்கும்போதே போயிருச்சு. சிவப்பு, குங்குமக் கலர், ராணி பிங்க், இதெல்லாம் கேமராவுக்கு எமன். மத்த கலர் எல்லாம் சரியா இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சிருக்கும், அதுக்கு மேல மடிப்பையும் நெசவையும் காட்ட எடமே இல்ல. கேமராவா இருந்தா எக்ஸ்போஷரை, அதாவது உள்ள போற வெளிச்சத்தை, மைனஸ் மூணுல ஒண்ணு இல்லன்னா மூணுல ரெண்டு குறைச்சு எடுங்க. போன்ல புடவை மேல தட்டினா ஒரு சூரியன் மாதிரி வரும், அதைக் கீழ இழுங்க. முகம் கொஞ்சம் இருட்டாத் தெரிஞ்சா பரவால்ல, அதை அப்புறம் ஏத்திக்கலாம், போன மடிப்பு திரும்பி வராது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஜரிகையில பட்டு வெள்ளைத் தீட்டா அடிக்கும்.

முகத்துல ரெண்டு கலர் வர்றதுக்குக் காரணம் ஜன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் ஒண்ணா விழுறது. கேமரா ஏதாவது ஒண்ணுக்குத்தான் வெள்ளையை சரி பண்ண முடியும். பகல்ல எடுத்தா லைட்டை எல்லாம் அணைச்சுட்டு அவங்களை ஜன்னலைப் பாத்து உக்கார வைங்க. லைட்டை அணைக்கச் சொன்னா வீட்டுல பெரியவங்க "நல்ல காரியத்துல வெளக்கை அணைப்பியா"னு சண்டைக்கு வருவாங்க, குத்துவிளக்கு எரியட்டும் பாட்டி, டியூப்லைட் மட்டும்தான்னு சொல்லி சமாளிக்கணும்.

ராத்திரின்னா வேற வழியில்ல, லைட்டுல எடுக்கணும். அப்போ படத்துல பட்டை பட்டையா கோடு விழுந்தா ஷட்டர் வேகத்தை 1/50 செகண்டு இல்லன்னா 1/100ல வைங்க. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

வீட்டுலயே பாஸ்போர்ட் சைஸ் போட்டா அளவு மாறுது.

35க்கு 45 மில்லிமீட்டர் படம் 4×6 பேப்பர்ல எட்டு உக்காரும், மேல நாலு கீழ நாலு. ஃபிட் டு பேஜ், பார்டர்லெஸ் ரெண்டையும் எடுத்துட்டு ஆக்சுவல் சைஸ்னு குடுங்க. வந்ததும் ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வெட்டுங்க.

தாத்தா படத்தை வீட்டுலயே ஏ4ல போட்டு ஃபிரேம் மாட்டினோம். ஒரே வாரத்துல கண்ணாடி உள்பக்கம் பனி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு.

கருமாதிக்கு அவசரமா போட்டிருப்பீங்க, சூட்டோட சூடா ஃபிரேம்ல அடைச்சிருப்பீங்க, சரியா? கைக்குக் காஞ்ச மாதிரி இருந்தாலும் இங்க்ல இருக்கற கரைப்பான் மெதுவாத்தான் ஆவியாகும், அடைச்சு வெச்சா அது கண்ணாடில போய் படியும். ஃபிரேமைப் பிரிங்க, கண்ணாடியைத் துடைங்க, படத்தை வெளிய வெச்சு மேல ஒரு வெறும் வெள்ளைப் பேப்பரை போட்டு ஒரு நாள் விடுங்க, பேப்பரை மாத்தி இன்னொரு நாள். திரும்ப மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சுத்தி ஒரு மவுண்ட் அட்டை குடுங்க, இல்லன்னா ஈரத்துல ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கும்போது தாத்தா முகம் கண்ணாடியோட வந்துரும். வீட்டு பிரிண்டர்ல கலர் இங்க் பெரும்பாலும் டை இங்க், அதாவது சாயம் கரைச்ச இங்க், வெயில்ல வெளுக்கும். வாசலுக்கு நேரா வெயில் அடிக்கற சுவத்துல மாட்டாதீங்க. ஃபைலை ரெண்டு எடத்துல பத்திரமா வெச்சுக்கோங்க.

போட்டோவுக்குன்னு தனியா பிரிண்டர் வாங்கலாமா, லேப்லயே குடுக்கலாமா?

கல்யாண ஆல்பம், நூறு இருநூறு மேக்ஸி இதெல்லாம் லேப்தான், யோசிக்கவே வேண்டாம். அங்க லேசர் வெளிச்சத்தை போட்டோ பேப்பர் மேல அடிச்சு கெமிக்கல்ல கழுவி எடுப்பாங்க, இங்க் புள்ளியே கிடையாது. வாரா வாரம் அஞ்சாறு படம் போடற ஆளுன்னா ஆறு கலர் டேங்க் பிரிண்டர் வாங்குங்க, லைட் சயான் லைட் மெஜெண்டா இருக்கறதால கன்னத்துல புள்ளி புள்ளியா தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவை தொடற ஆளுன்னா வாங்காதீங்க, அடைச்சிரும். குட்டியா 4×6 மட்டும் போடற கேனான் செல்ஃபி (Selphy) பிரிண்டர் மாதிரி ஐட்டம் பாக்கலாம், அதுல தண்ணி இங்க்கே இல்ல, ரிப்பன்ல இருக்கற மஞ்சள், மெஜெண்டா, சயானை ஒண்ணொண்ணா சூடு பண்ணி ஏத்தி கடைசில ஒரு கோட்டிங் குடுக்கும், ஆறு மாசம் தொடாம வெச்சாலும் அடைக்காது. ஒரு பிரிண்டுக்கு ஆகற செலவு மட்டும் கேட்டுக்கிட்டு வாங்குங்க.

பழைய டிஜிட்டல் கேமராவை பீரோவுலேர்ந்து எடுத்தேன், தேதி பழைய வருஷத்தைக் காட்டுது.

உள்ள கடிகாரத்துக்குன்னு ஒரு குட்டி பேட்டரி இருக்கும், அது பல கேமரால பெரிய பேட்டரிலேர்ந்துதான் சார்ஜ் ஏத்திக்கும். சார்ஜ் பண்ண பேட்டரியைப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டுட்டு தேதியை செட் பண்ணுங்க. கையோட படத்து மேல தேதி போடற ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிருங்க, எப்ப எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ளயே இருக்கும். என் பையனோட முதல் பொறந்தநாள் படம் அத்தனையிலும் கேக்கு மேல ஆரஞ்சு கலர்ல 01/01/2008னு எழுதியிருக்கு, அவன் பொறந்ததே 2011ல.