அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 12 வருடமாக மெர்ச்சன்டைசர், ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு போகும்வரை கவனிக்கிற வேலை. பழைய முதலாளி இருந்தவரை மரியாதைக்குக் குறைவில்லை. இப்போது வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவருடைய மகன் பொறுப்பில் இருக்கிறார். ஒரு பையர் கேட்ட தேதிக்குச் சரக்கு முடியாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரே அந்தத் தேதியை ஒப்புக்கொண்டார். சரக்கு தாமதமாகி, விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது. அந்தச் செலவுக்கு என்னை டெய்லர்கள் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று. 20 மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் தொடங்க 15 லட்சம் வேண்டும். சென்னிமலையில் அப்பா தறி நெய்து கட்டிய வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அதை பேங்கில் வைக்கப் போகிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிடுவார், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. அவிநாசி பக்கம் நான் வாங்கிப் போட்ட சைட் மகன் படிப்புக்கு, அதைத் தொடப் போவதில்லை. மனைவிதான் பயப்படுகிறாள். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் எந்தத் தைரியத்தில் தொடங்குகிறார்கள்? நான் இறங்கலாமா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, முதலாளி மகன் திட்டியதை விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். மெஷின் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. "காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிடுவார், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை." உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த வரியைத்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியதுதான். ஊர் மாறும், தொழில் மாறும், முதலாளி மகனுக்குப் பதில் மானேஜர் வருவார், அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தைரியம் வந்த பிறகு தொழில் தொடங்கியவர்கள் குறைவு. வேலை கிடைக்காமல் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். இருந்த வேலை போய், நாற்பது வயதுக்கு மேல் யாரும் எடுத்துக்கொள்ளாமல் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் ஒரே வேலையைப் பார்த்ததில், எந்த இடத்தில் காசு வருகிறது, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கைக்குப் பிடிபட்டுவிட்டதால் இறங்கியவர்களும் உண்டு. இவர்கள்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். அப்புறம் உங்களைப் போல, பட்ட அவமானம் தாங்காமல் கிளம்புகிறவர்கள். இந்த ரகத்துக் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

ரோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் ஊரின் கதையிலேயே அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தோட்டம் காடு வைத்திருந்த குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள்தான் பின்னாளில் அங்கே முதலாளி ஆனார்கள். கட்டிங் மேசையில் நின்றார்கள், தைத்தார்கள், பேக்கிங் செய்தார்கள். தொழில் கைக்கு வந்ததும் பங்காளி, மாமன், மச்சான், கூட வேலை பார்த்தவன் என்று நாலு பேர் கூட்டுச் சேர்ந்து பழைய மெஷின் வாங்கிப் போட்டார்கள். நிலத்தை விற்றவர்கள் உண்டு, நகையை வைத்தவர்கள் உண்டு. ஆனால் விற்கிற நிலத்தின் பங்குக்காரர் எல்லாருக்கும் விஷயம் தெரியும். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசி, சண்டை போட்டு, வேண்டாம் என்று ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போய், அதற்குப் பிறகுதான் பணம் கை மாறியது. கடனும் கூட்டு, நஷ்டமும் கூட்டு. படிக்கத் தெரியாத தாயிடம் விஷயத்தைச் சொல்லாமல் விரல் ரேகை வாங்கித் தொழில் செய்யும் வழக்கம் அந்த மண்ணில் கிடையாது.

முதலாளி மகன் மேல் உங்களுக்கு என்ன கோபம்? திட்டியது அப்புறம் நடந்தது. அதற்கு முன்னால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேதியை ஒப்புக்கொண்டார். பாடுபடப் போகிறவன் நீங்கள், சுமக்கப் போகிறவன் நீங்கள், உங்களைக் கேட்கவில்லை. இப்போது வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போகிறீர்கள். போனால் போகப் போவது அம்மாவின் வீடு. அம்மாவைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதை ஒரு வசதியாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் செய்ததைத்தான் நீங்கள் உங்கள் தாய்க்குச் செய்யப் போகிறீர்கள். அவராவது மூன்றாம் மனிதர்.

அந்தக் கைநாட்டு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வீடு அவர் பெயரில் இருப்பதால் அவர் அடமானம் கொடுப்பவர் மட்டுமல்ல, பெரும்பாலும் ஜாமீன்தாரராகவும் ஆவார். 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் உங்களைத் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். 2002ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அந்த அறிவிப்பை வீட்டுச் சுவரில், கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். இரண்டு பத்திரிகைகளிலும் போடுவார்கள், அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகை. உங்கள் அப்பா கட்டிய சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதத்தைத் தெருவே படிக்கும். உங்கள் அம்மாவால் படிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு "என்னம்மா ஒட்டிட்டுப் போறாங்க" என்று கேட்க வேண்டியிருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பத்திரத்தில் இருப்பதை அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துச் சொல்லி, சாட்சி வைத்துத்தான் வங்கி ரேகை வாங்க வேண்டும். அதை நாலு நிமிடத்தில் முடித்துவிடுகிற இடங்களும் உண்டு. நீங்கள் அந்த நாலு நிமிடத்தை நம்பித்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அவிநாசி சைட்டைத் தொடப் போவதில்லை என்கிறீர்கள். ஏன்? தொழில் ஓடும் என்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால், உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியதை முதலில் வைக்க வேண்டியதுதானே? அதை வைக்கப் பயமாக இருக்கிறது, போய்விடுமோ என்று தோன்றுகிறது. அந்தப் பயம் சென்னிமலை வீட்டின் மேல் வரவில்லை. மகனுக்குச் சேர்த்து வைக்கிற கடமை தெரிகிறது, பெற்றவளைக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிற கடமை கண்ணில் படவில்லை. தாயின் தலைக்கு மேல் இருப்பதை வைத்துச் சூதாடும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்று நம்புகிறவள் நான். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சட்டத்தைக் கேட்டால் அதுவும் இதையேதான் சொல்லும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா பெயரில் உள்ள சொத்து முழுக்க முழுக்க அவருடையது. அவர் உயில் எழுதாமல் போனால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அக்கா தங்கை இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்களுக்கும் தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன். 15 லட்சத்தில் 20 மெஷின் வந்துவிடும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் வரிசையாக நிற்கும். உங்களைச் சாய்க்கப் போவது மெஷின் விலை அல்ல, சனிக்கிழமை. உங்கள் ஊரில் வாரச் சம்பளம். ஒரு டெய்லருக்கு வாரம் 4,000 என்றே வையுங்கள், 20 பேருக்கு 80,000. நீங்கள் தைத்துக் கொடுத்த பீஸுக்குப் பார்ட்டி இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால், முதல் ரூபாய் கைக்கு வருவதற்குள் எட்டு சனிக்கிழமை தாண்டியிருக்கும். 6,40,000 ரூபாய் கூலியாக மட்டும் போயிருக்கும். வாடகை, கரண்ட், நூல், ஊசி, பழுதான பீஸுக்கு செகண்ட்ஸ் என்று பார்ட்டி பிடித்துக்கொள்வது எல்லாம் தனி. உங்கள் 15 லட்சத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? கடிதத்தில் இல்லை. பணம் பற்றாத முதல் சனிக்கிழமையே நீங்கள் மறுபடி ஒரு முதலாளி வீட்டு வாசலில், பில் பாஸ் ஆகுமா என்று கைகட்டி நிற்பீர்கள். அவர் பழைய முதலாளியின் மகனாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை, உங்களுக்குத் தெரிந்த பார்ட்டி அவர்தானே.

குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், கெடு தாண்டியும் வருடம் முடியும்வரை கொடுக்காத தொகையை அந்தப் பார்ட்டி அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அடுத்த ஆர்டரைக் கொடுக்கப் போகிறவர் மேல் புகார் எழுதுவதற்கு, ஆர்டர் இல்லாமல் மூன்று மாதம் தாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் அடி வேறு. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு துளி சாயத்தைத் தொடாத தையல் யூனிட்டுகளும் துணி வராமல் சும்மா கிடந்தன. 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கம், 2020 ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது, இதையெல்லாம் நீங்கள் மெர்ச்சன்டைசர் நாற்காலியில் இருந்து பார்த்தவர். ஆர்டர் நின்றபோதும் மாதச் சம்பளம் வந்திருக்கும், குறைத்தாவது வந்திருக்கும். அடுத்த முறை அது உங்கள் வீட்டு வாசல் வரை வரும். உங்கள் மனைவி பயப்படுகிறார் என்று குறையாகச் சொல்கிறீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வைக்காமல் கடன் கிடைக்காது என்று யார் சொன்னது? குறு, சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போனால், பிணை இல்லாத கடனுக்கு அரசே உத்தரவாதம் நிற்கும் கடன் உறுதி நிதியம் (CGTMSE) 2000ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மானேஜரிடம் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பத்திரம் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே மாட்டார். தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம் உண்டு, பயிற்சியும் கொடுக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். இதற்கெல்லாம் அலைய வேண்டும், திட்ட அறிக்கை எழுத வேண்டும், நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் கைநாட்டு சுலபம், அவர் கேள்வி கேட்க மாட்டார். அதனால்தான் அங்கே போனீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அக்காவோ தங்கையோ இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, கட்ட முடியாமல் போனால் வீட்டுக்கு என்ன ஆகும், எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். 90 நாள், 60 நாள், சுவரில் ஒட்டும் காகிதம் உட்பட. படிப்பு இல்லாவிட்டாலும் நெசவாளர் வீட்டில் குடித்தனம் நடத்தியவருக்குக் கூலி, கடன், பாவு நூல் கணக்கு உங்களை விட நன்றாகவே தெரிந்திருக்கும். நீங்கள் யோசிக்காத ஒன்றை அவர் கேட்டாலும் கேட்பார். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். மாமாவை விட்டுப் பேசச் சொல்வது, இரண்டு வாரம் பேசாமல் இருப்பது, இதெல்லாம் கூடாது. சரி என்று சொன்னாலும், முதலில் சைட்டை விற்கவோ வைக்கவோ பாருங்கள், வீடு கடைசி.

சைட் விலை போக ஆறு மாதம் ஆகலாம். அதுவரை வேலையை விடாதீர்கள். உங்கள் கம்பெனிக்கே தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர் யாராவது உங்களுக்கு நெருக்கமாக இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடும் நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். திங்கட்கிழமை காலையில் பேட்லாக் டெய்லர் வராதபோது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தீபாவளி போனஸ் பேசும்போதும் கூட இருங்கள். அதையெல்லாம் பார்த்த பிறகும் இறங்கத் தோன்றினால், ஒர்க்கிங் கேபிட்டலையும் சேர்த்துக் கணக்கெழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் அம்மா என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.