படகுக்கும் அந்திக்கும் ஏற்ற பைனோகுலர்

கேள்வி: கடலில் திமிங்கிலங்களையும் மாலையில் பறவைகளையும் பார்ப்பதற்குப் பாரம் குறைந்த பைனோகுலர் ஒன்று வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் 10×42 நல்லது என்கிறார். நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம்?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: 10×42 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்வில்லையின் விட்டம் (மில்லிமீற்றரில்). படகில் 10 மடங்கு உருப்பெருக்கம் அலையின் அசைவையும் கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும், ஆகவே உங்களுக்கு 8×32 போதும் என்பதே என் உறுதியான கருத்து. அதன் எடை பெரும்பாலும் 500 கிராம் அளவில்தான் இருக்கும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×32 இல் 4 மில்லிமீற்றர், 8×42 இல் 5.25. கற்றை அகலமானால் மங்கிய ஒளியிலும் காட்சி துலக்கமாகத் தெரியும். ஆகவே, அந்திப் பறவைகளே உங்களுக்கு முக்கியமென்றால், கூடுதல் பாரத்தைப் பொறுத்துக்கொண்டு 8×42 ஐ வாங்குங்கள்.

கடை விளக்கின் கீழ் எல்லாக் கருவிகளும் நன்றாகவே தெரியும். எனவே, திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு, மாலையில் பிரெட்றிக் கோட்டைக்குக் கொண்டுபோய், மரநிழலில் நிற்கும் மான்களின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். வானத்தின் எதிரே நிற்கும் கரிய கிளையின் விளிம்பில் ஊதாக் கோடு தடித்துத் தெரிந்தால், வில்லை தரமானதல்ல. சிறிது நேரத்திலேயே கண்கள் இழுப்பதுபோல் வலித்தால், இரு குழல்களும் ஒரே நேரில் அமையவில்லை என்று ஐயுறலாம். அதை வாங்கவே வேண்டாம். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல், கண்வளையத்தை (கண் வைக்கும் பக்கத்திலுள்ள வளையத்தை) தாழ்த்திப் பார்க்கும்போது காட்சி வட்டம் முழுமையாகத் தெரியவேண்டும். கடற்பயணத்துக்கு நீர்புகாத வகையே ஏற்றது.