டீ தூக்கு என் மேஜையைத் தாண்டிப் போகிறது

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் எட்டுப் பேர். யாரும் என்னைத் திட்டுவதில்லை, பேசுவதும் இல்லை. டீ தூக்கு வந்தால் எனக்கு மட்டும் ஊற்றாமல் போகிறது. மேலாளரோ, "எல்லாம் உங்க மனப்பிரமைம்மா" என்கிறார். இதை அளந்து காட்ட வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: உண்டு. பணியாளர் பிரிவில் வெகுகாலம் குப்பை கொட்டியவன் நான். திட்டினால் சாட்சி இருக்கும். பேசாமலே விட்டால் சாட்சிக்கு எங்கே போவது? இந்தச் சிக்கலுக்கென்றே 2008-இல் ஃபெரிஸ் என்ற ஆய்வாளரும் கூட மூவரும் ஒரு கேள்விப் பட்டியல் போட்டார்கள். பத்தே வரி. வணக்கம் சொல்லியும் பதில் வரவில்லை, நீங்கள் வந்ததும் எழுந்து போனார்கள், காபிக்குக் கிளம்பும்போது உங்களைக் கேட்கவில்லை, இந்த மாதிரி. 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 7. கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டியதுதான்.

நம் ஊருக்கு நான் இன்னும் இரண்டு வரி சேர்ப்பேன். மதியம் டப்பா திறந்ததும் வத்தக்குழம்பு ஒரு கரண்டி, பொரியல் ஒரு கை என்று மாறிமாறிப் போகுமே, அதில் உங்கள் டப்பா சேர்த்தியா? வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை உங்கள் கைக்கு வந்ததா? காபியைவிட இவை நிறையச் சொல்லும். ஆனால் சம்பா நெல் வந்து லாரி வரிசை கட்டும் நாட்களை எண்ணாதீர்கள். அப்போது யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் எண்ணை மட்டும் நீட்டினால் மேலாளர் மறுபடி மனப்பிரமை என்பார். எட்டுப் பேரும் எழுத வேண்டும். 1930-களில் மொரேனோ என்ற மனநல மருத்துவர் காட்டிய வழி ஒன்று உண்டு: சரக்கு இருப்பு எடுக்க யாரோடு சேர விருப்பம் என்று ஆளுக்கு இரண்டு பெயர் கேட்டு அம்புக்குறி போடுவது. ஒரு அம்பும் வராத பெயர் தானாகத் தெரியும். எட்டே பேர் என்பதால் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். வெளியாள் யாராவது வாய்மொழியாகக் கேட்டுக் குறித்தால் நல்லது.

நீங்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர், ஒதுக்கலுக்கும் சாதிதான் காரணம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், மேலாளரிடம் "ஒதுக்குகிறார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். விலை மாறிய தகவல் ஏழு பேருக்குப் போனது, எனக்கு வரவில்லை, அதனால் பில் தப்பானது என்று தேதியோடு சொல்லுங்கள்.