எத்தனை போஸ்?

வணக்கம் ஐயா,

என் அப்பா பெயர் போஸ். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர், யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார். திரும்பிய மறு வருடம் பிறந்த அப்பாவுக்கு இந்தப் பெயரை வைத்தார். இப்போது எழுதக் காரணம் என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி வினாடி வினாவில் 'போசான் என்ற துகளுக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டது' என்று கேட்டிருக்கிறார்கள். இவள் சத்யேந்திரநாத் போஸ் என்றாள். ஜகதீஷ் சந்திர போஸ் என்று சொன்ன அணிக்கு மதிப்பெண் போய்விட்டது. கேட்டதற்கு 'ரெண்டும் ஒரே குடும்பம்தான்' என்று பதில் வந்ததாம். வீட்டுக்கு வந்து அழுதாள். என் மச்சினனோ போஸ் ஸ்பீக்கர் கம்பெனியே நேதாஜி குடும்பத்துடையது என்று அடித்துச் சொல்கிறார். இவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா? நம் வீட்டுக்கும் இந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
போ. ச.

அன்புள்ள போ. ச.,

முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள், அவள் சொன்னதுதான் சரி. மதிப்பெண் திரும்பி வராது, ஆனால் சரியாகச் சொன்னோம் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். 'ஒரே குடும்பம்தான்' என்ற அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு மனிதர்களின் வாழ்நாள் உழைப்பை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதை ஒரு குழந்தையிடம் செய்திருக்கக் கூடாது.

போஸ் என்பது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை. வங்காளத்தில் காயஸ்தர் என்ற சாதியில் பெரிய குலங்களாகச் சொல்லப்படும் போஸ், கோஷ், மித்ரா, குஹா ஆகியவற்றில் ஒன்று. மூலச்சொல் நமக்கும் தெரிந்த வசு, அட்டவசுக்கள் என்கிறோமே அந்த வசு. வங்காளிகள் வாயில் வ என்பது ப ஆகும், அகரம் ஒகரமாக உருளும். ரவீந்திரன் அங்கே ரொபீந்த்ரோ ஆவது போல வசு 'பொஷு' ஆகிறது, பேச்சுவழக்கில் அது இன்னும் சுருங்கி போஸ் என்று நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில எழுத்தில் சிலர் போஸ் என்று எழுதினார்கள், சிலர் பாசு என்று எழுதினார்கள். 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவின் பெயரை வங்காளி எழுத்தில் பாருங்கள், நேதாஜியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் அதே எழுத்துகள்தான். நாம்தான் ஆங்கிலம் வழியாக வாங்கி ஒரே பெயரை இரண்டாக்கி வைத்திருக்கிறோம். ஆக, போஸ் எல்லாம் சொந்தம் என்றால் ஜோதி பாசுவும் நேதாஜிக்குப் பங்காளி ஆக வேண்டும்!

சரி, மகள் சொன்ன போஸுக்கு வருவோம். சத்யேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர், வயது 30, முனைவர் பட்டம் கிடையாது. ஒளியைத் துகள்களாகக் கொண்டு, ஜெர்மன் இயற்பியலாளர் பிளாங்கின் கதிர்வீச்சு விதியை ஒரு புது வழியில் வருவித்துக் காட்டி நான்கு பக்கம் எழுதினார். இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அனுப்பியது நடக்கவில்லை. ஜூன் 4ஆம் தேதி நேராக ஐன்ஸ்டைனுக்கே ஒரு கடிதத்தோடு அனுப்பிவிட்டார். ஐன்ஸ்டைன் தானே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பத்திரிகையில் வரவைத்தார்.

அதில் என்ன புதுமை என்று மகளுக்கு இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என்று நான்கு விதமாக விழும். இரண்டும் பூவாக விழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நம் நாணயங்களில் இது முதல் நாணயம், இது இரண்டாவது என்று அடையாளம் வைக்க முடியும், அதனால்தான் நடுவில் உள்ள இரண்டும் வேறு வேறு. அடையாளமே வைக்க முடியாதபடி அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்? அப்போது இரண்டு பூ, இரண்டு தலை, ஒரு பூ ஒரு தலை என மூன்றே நிலைதான், இரண்டும் பூவாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக ஏறிவிடும். ஒளித்துகள்களை இப்படித்தான் எண்ண வேண்டும் என்றது அவர் கணக்கு. ஒரே நிலையில் கூட்டமாகச் சேர விரும்பும் இந்த வகைத் துகள்களுக்குத்தான் பிற்பாடு இயற்பியலாளர் டிராக் 'போசான்' என்று பெயர் வைத்தார். 1995இல் அமெரிக்காவின் கொலராடோவில் ருபிடியம் அணுக்களைக் குளிரின் கடைசி எல்லையான முழுப்பூச்சியத்துக்குக் கிட்டத்தட்ட அருகே வரை குளிர்வித்து, அவை எல்லாம் ஒரே நிலையில் போய் நிற்பதைக் கண்ணால் காட்டினார்கள். அந்த வேலைக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. போஸுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

அடையாளம் பிரிக்க முடியாதபடி ஒன்றுபோல் இருப்பவை என்ற அந்தக் கணக்கு ஒளித்துகள்களுக்குப் பொருந்தும், போஸ்களுக்குப் பொருந்தாது.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858இல் பிறந்தவர், சத்யேந்திரநாத்தை விட 35 வயது மூத்தவர். பிரசிடென்சி கல்லூரியில் இவர் வாத்தியார், அவர் மாணவர், உறவு அவ்வளவுதான். வெள்ளைக்காரப் பேராசிரியர்களை விடக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்காக மூன்று வருடம் சம்பளத்தையே கையால் தொடாமல் பாடம் நடத்தியவர். கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லா மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். பிறகு செடிகொடிகள் பக்கம் திரும்பி, அவை வளர்வதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி செய்தார். இவ்வளவு செய்தவருக்கு போசானையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

உண்மையாகவே சொந்தம் உள்ள ஒருவரும் இதில் உண்டு. தேவேந்திர மோகன் போஸ், ஜகதீஷின் தங்கை மகன், இவரும் இயற்பியலாளர். ஜெர்மனியில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த பிளாங்கின் புத்தகத்தை சத்யேந்திரநாத்துக்குப் படிக்கக் கொடுத்தவர் இவர்தான். தாய்மாமன் பெயர் மருமகனுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடமும் வேறொரு போஸ் குடும்பம்!

பெண்கள் பக்கம் வந்தால் இந்தப் பெயர் இன்னும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஜகதீஷின் மனைவி அபலா போஸ், பிறந்த வீட்டில் தாஸ். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1882இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குத்தான் வந்தார். உடம்பு சரியில்லாமல் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். அதன்பின் பெண்கள் கல்விக்காக ஆயுள் முழுக்க உழைத்தார். அதே சமயத்தில், 1883இல், கல்கத்தாவின் பெத்யூன் கல்லூரியில் இருந்து இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். ஒருவர் சந்திரமுகி பாசு, இன்னொருவர் காதம்பினி பாசு. சொந்தமில்லை, சந்திரமுகி டேராடூன் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காதம்பினி கல்யாணம் ஆகி கங்குலி ஆனார், டாக்டர் ஆனார், வரலாற்றில் காதம்பினி கங்குலி என்றே நிற்கிறார். போஸ்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அவரை எப்போதும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பட்டம் வாங்கும்போது அவர் பாசுதானே.

முழுப் பெயரே ஒன்றாக இருந்த கதையும் உண்டு. 1908 ஆகஸ்ட் 11 அன்று குதிராம் போஸைத் தூக்கிலிட்டார்கள், வயது 18. அவரை மிதினாப்பூரில் புரட்சிக்குள் இழுத்து வளர்த்தவரையும் அதே வருடம் நவம்பரில் தூக்கிலிட்டார்கள், சிறைக்குள்ளேயே அப்ரூவரைச் சுட்டதற்காக. அவர் பெயரும் சத்யேந்திரநாத் போஸ். விஞ்ஞானி சத்யேந்திரநாத்துக்கு அப்போது 14 வயது, பள்ளி மாணவர்.

அப்புறம் சிங்கப்பூர். உங்கள் தாத்தா கதை தொடங்கும் இடம் இது. 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியின் மூளை ராஷ் பிஹாரி போஸ். 1915இல் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோ ஷிஞ்சுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் அவரை ஒளித்துவைத்தது, அந்த வீட்டு மகளையே மணந்தார். அவர் சொல்லிக்கொடுத்த கோழிக்கறிக் குழம்பும் சோறும் 1927 முதல் அந்தக் கடையில் விற்கிறது, இன்றும் விற்கிறது. 1943 ஜூலை 4ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில், இந்தப் பெரியவர் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை கட்டாக்கில் பிறந்த சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. ஒரு போஸ் கொடுக்க இன்னொரு போஸ் வாங்கிக்கொண்டதைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைத்தவர்கள் அப்போதே இருந்திருப்பார்கள். கொல்கத்தா போனால் இன்னொரு குழப்பம் காத்திருக்கும், ராஷ்பிஹாரி அவென்யூ என்ற பெரிய சாலை இவர் பெயரில் இல்லை, ராஷ்பிஹாரி கோஷ் என்ற வழக்கறிஞர் பெயரில் இருக்கிறது.

மச்சினனுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஸ்பீக்கர் அமர் போஸ் உண்டாக்கியது. அவர் அப்பா நோனி கோபால் போஸும் புரட்சிக்காரர்தான், பிரிட்டிஷ் போலீசிடம் இருந்து தப்பி 1920இல் அமெரிக்கா போனார், ஆனால் நேதாஜி குடும்பம் இல்லை. அமர் 1929இல் பிலடெல்பியாவில் பிறந்தார். பையனாக இருக்கும்போதே ரேடியோ ரிப்பேர் செய்து வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்த சமயம் தனக்கென்று ஒரு ஸ்டீரியோ வாங்கினார், கேட்டால் நேரில் கேட்கும் வயலின் மாதிரி இல்லை. கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஓசையில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது என்பதைப் பிடித்துக்கொண்டு, 1964இல் கம்பெனி தொடங்கி, 1968இல் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். ஒரு பெட்டிக்குள் 9 ஸ்பீக்கர்கள், முன்னால் பார்ப்பது ஒன்றுதான், மீதி 8ம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். 2011இல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதியை எம்.ஐ.டி.க்கே எழுதிக் கொடுத்தார்.

வங்காளத்துக்கே சம்பந்தமில்லாத போஸ்களும் இருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த கியோர்க் மத்தியாஸ் போஸ் என்பவர் நிலைமின்சாரத்தை வைத்து வேடிக்கை காட்டிப் பேர் வாங்கியவர். மின்னேற்றிய பெண்ணுக்கு முத்தம் கொடுக்கப் போனால் உதட்டில் பொறி பறக்கும். அந்த ஊரில் போஸ் இல்லம் என்றே ஒரு பழைய வீடு இருக்கிறது, ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) இசை ஆவணங்கள் இப்போது அங்கேதான்.

இனி மகளின் கேள்வி, நம் வீட்டுக்கும் இந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம். என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் பெயர் போஸ். காற்றடிக்கும் பம்புக்கு மேலே, எண்ணெய்க் கறை பட்ட சுவரில், கண்ணாடியும் தொப்பியுமாக நேதாஜி காலண்டர் தொங்கும், வருடம் முடிந்தாலும் தாள்களை மட்டும் கிழித்துவிட்டுப் படத்தை விட்டுவைப்பார். போஸ் என்பது நம்ம ஊர்ப் பெயர் என்றுதான் நான் வளர்ந்தேன், அது அப்படி ஆகியும்விட்டது. மதுரை, ராமநாதபுரம் பக்கம் எத்தனை போஸ் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். முத்துராமலிங்கத் தேவரும் நேதாஜி தொடங்கிய ஃபார்வர்டு பிளாக் கட்சியும் அதற்கு ஒரு காரணம், மலாயாவில் இருந்து வந்தவர்கள் இன்னொரு காரணம். தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழர்கள் ஏராளமாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணி படைக்குச் சென்னைப் பெண் கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிப் போகும் பரபரப்பான ரோட்டுக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு என்று பெயர், அதில் தினமும் பஸ் ஏறுகிற பலருக்கு அந்த மூன்று எழுத்து நேதாஜி சுபாஷ் சந்திர என்பது தெரியாது.

வங்காளத்தில் பெயருக்குப் பின்னால் நின்று இன்ன குலம் என்று சொல்லும் சொல், உங்கள் தாத்தா எடுத்துப் பிள்ளைக்கு வைத்தபோது முன்னால் வந்துவிட்டது, குலத்தை அங்கேயே விட்டுவிட்டது. அவர் சாதிப் பட்டத்தை எடுக்கவில்லை, தான் நேசித்த ஒரு மனிதரின் பெயரை எடுத்தார். அதனால் உங்கள் அப்பாவுக்கும் போஸ் என்ற பெயருக்கும் உள்ள உறவு, ஜோதி பாசுவுக்கும் நேதாஜிக்கும் உள்ளதை விட நெருக்கமானது என்பேன். அவர்களுக்கு அது பிறப்பால் வந்தது, உங்கள் வீட்டில் ஒருவர் விரும்பி வைத்தார். உங்கள் இனிஷியலில் இருக்கும் 'போ' அதுதான், மகளிடம் அதைக் காட்டுங்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. தாத்தா மலாயாவில் எந்தத் தோட்டத்தில் இருந்தார், படையில் சேர்ந்தாரா, நேதாஜியை நேரில் பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அப்பாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.