சத்யம் தியேட்டர் இப்போது யாருடையது? அது எப்படிக் கைமாறியது?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை ராயப்பேட்டையிலுள்ள சத்யம் தியேட்டரை இன்று நடத்துவது பி.வி.ஆர். ஐநாக்ஸ் லிமிடெட் என்ற, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். 2018 வரை அது சென்னையைச் சேர்ந்த எஸ்.பி.ஐ. சினிமாஸிடம் இருந்தது. அந்த ஆண்டு தில்லியின் பி.வி.ஆர். என்ற திரையரங்கு நிறுவனம் எஸ்.பி.ஐ.யை வாங்கியது. 2023-இல் பி.வி.ஆரும் இன்னொரு திரையரங்கு நிறுவனமான ஐநாக்ஸும் ஒரே நிறுவனமாயின. திரு.வி.க. சாலையில் கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்க, ஐந்து ஆண்டுகளுக்குள் உரிமையில் இரண்டு முறை மாற்றம் நடந்துவிட்டது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "2014-லேயே சத்யத்தை ஐநாக்ஸ் வாங்கிவிட்டதே" என்று சிலர் எழுதுகிறார்கள். அப்போது ஐநாக்ஸ் வாங்கியது தில்லியில் இயங்கிய சத்யம் சினிப்ளெக்சஸ். பெயர் ஒன்றுதானே தவிர, நம் சத்யத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சத்யம் 1974-இல் திறக்கப்பட்டது. சத்யம், சாந்தம், சுபம் என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். ஒரு படத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் பக்கத்துத் திரையில் வேறொரு படம் பார்க்கலாம் என்ற வசதி அன்றைய சென்னைக்குப் பெரிய விஷயம். என் பெரியப்பா சாந்தத்தில் பார்த்த படங்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வார். பிற்காலத்தில் எஸ்.பி.ஐ.யின் கிரண் ரெட்டி பொறுப்புக்கு வந்தபிறகுதான் இன்று நாம் பேசும் சத்யம் உருவானது. மூன்று திரைகள் ஆறாயின. ஒலியமைப்பு, இருக்கை, கழிவறைத் தூய்மை, இணையத்தில் முன்பதிவு என்று எல்லாவற்றிலும் கவனம் தெரிந்தது.

நான் ராயப்பேட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் சத்யத்தில் முன்வரிசை டிக்கெட் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசின் விதிப்படி ஒரு பகுதி இருக்கைகளைக் குறைந்த விலையில் தரவேண்டியிருந்தது. கழுத்து வலிக்கும், ஆனாலும் நாங்கள் அந்த வரிசைக்காகத்தான் போட்டி போடுவோம். விளக்குகள் மங்கி, இசையோடு திரைச்சீலை மெல்ல மேலே ஏறும்போது, பின்னால் 120 ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைத்த அதே ஒலியும் அதே குளிரும் எங்களுக்கும் கிடைத்தன. இடைவேளையில் ஒரே ஒரு பாப்கார்ன் வாங்கி, மேசையில் வைத்திருக்கும் சுவைப்பொடிகளை ஆளுக்கொன்றாகத் தூவி, நான்கு பேர் பகிர்ந்துகொள்வோம். மாணவன் என்பதற்காக எங்களை யாரும் ஒதுக்கி நடத்தியதில்லை. அந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த 120 ரூபாய்தான் இந்தக் கதையின் அச்சாணி என்பது என் கருத்து. தில்லியிலும் மும்பையிலும் வாரக் கடைசியில் டிக்கெட் விலையை விருப்பம்போல் ஏற்றலாம். இங்கே அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. பல திரை வளாகங்களுக்கு 2017 வரை அது 120 ரூபாய், பிறகு 150. எல்லா வளாகங்களிலும் ஒரே விலை என்றால் பார்வையாளர் எங்கே போவார்? அதே காசுக்கு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேதான். விலையை ஏற்றிச் சம்பாதிக்க முடியாத ஊரில், தரத்தை உயர்த்தி இருக்கைகளை நிரப்புவதுதான் ஒரே வழி. எஸ்.பி.ஐ. அந்த வழியில் யாரையும்விட நன்றாக நடந்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எஸ்கேப், வடபழனியில் பலாசோ, பெரம்பூரில் எஸ்2, திருவான்மியூரில் பழைய தியாகராஜா தியேட்டரைப் புதுப்பித்து இன்னொரு எஸ்2, கோவை புரூக்ஃபீல்ட்ஸில் ஒன்று என்று விரிந்துகொண்டே போனது. வடசென்னைக்காரர்கள் நல்ல ஒலியில் படம் பார்க்க அண்ணா சாலைப் பக்கம் வரவேண்டிய நிலையைப் பெரம்பூர் எஸ்2 மாற்றியது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

வாங்கியவர்கள் பக்கம் வருவோம். பி.வி.ஆர். தொடங்கியதும் ஒரே ஒரு குடும்பத் தியேட்டரில்தான். தில்லி வசந்த் விஹாரில் இருந்த பிரியா தியேட்டரை 1978-இல் அஜய் பிஜ்லியின் குடும்பம் வாங்கியது. அவர்களுடைய முதன்மைத் தொழில் லாரிப் போக்குவரத்து. 1995-இல் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்‌ஷோவுடன் கூட்டுச் சேர்ந்தார்கள். பிரியா, வில்லேஜ், ரோட்‌ஷோ ஆகியவற்றின் முதல் எழுத்துகள்தான் பி.வி.ஆர். 1997-இல் சாகேத் பகுதியில் அனுபம் தியேட்டரை நான்கு திரைகளாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியக் கூட்டாளி விலகிக்கொண்டார், பெயரில் இருந்த எழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன. 2006-இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். பிறகு மற்றவர்களின் அரங்குகளை வாங்கியே வளர்ந்தார்கள்: 2012-இல் மும்பையின் சினிமேக்ஸ், 2016-இல் டி.எல்.எஃப். நிறுவனத்தின் டி.டி. சினிமாஸ்.

தெற்கில் அவர்களுக்கு இருந்த இடைவெளியை நிரப்ப எஸ்.பி.ஐ.யைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்காது. 2018 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 71.69 சதவீதப் பங்குகளுக்கு ஏறத்தாழ 633 கோடி ரூபாய் ரொக்கம், மீதிக்குப் பி.வி.ஆர். பங்குகள். பத்து நகரங்களில் 76 திரைகள் கைமாறின. அன்று சமூக ஊடகங்களில் சென்னைக்காரர்கள் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். பாப்கார்ன் மாறிவிடுமா, பெயர்ப் பலகை போய்விடுமா என்பதே பேச்சு. வெளியூர் நண்பர்களுக்கு அது விளங்கவில்லை. ஒரு தியேட்டர் விற்கப்பட்டதற்கு இவ்வளவா என்று கேட்டார்கள். பள்ளியில் படிக்கும்போது அப்பாவோடும், கல்லூரியில் நண்பர்களோடும், கல்யாணமான பிறகு மனைவியோடும் ஒரே படிக்கட்டில் ஏறியவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

எஸ்.பி.ஐ.யை ஏன் விற்றார்கள் என்ற கேள்வியும் எழும். விற்றவர்களின் மனத்தை நான் அறிந்ததுபோல் எழுத மாட்டேன். தொழிலின் கணக்கு மட்டும் வெளியிலிருந்தே தெரிகிறது. வணிக வளாகங்களில் அரங்கு அமைக்க நீண்ட காலக் குத்தகையும் திரைக்குக் கோடிக்கணக்கில் முதலீடும் வேண்டும். நல்ல வளாகங்கள் கட்டப்படும்போதே பெரிய திரையரங்கு நிறுவனங்கள் அங்கே இடம் பேசி முடித்துவிடுகின்றன. நாடெங்கும் நூற்றுக்கணக்கான திரைகள் வைத்திருப்பவருக்கு விளம்பர வருமானமும் பேரம் பேசும் வலுவும் கூடுதல். இந்தப் போட்டியில் மாநில அளவில் இயங்கும் நிறுவனத்துக்கு முன்னால் இரண்டே வழிகள்: பெரும் கடன் வாங்கி வளர்வது, அல்லது நல்ல விலை வரும்போது கொடுத்துவிடுவது.

அடுத்த மாற்றம் கொரோனாவுக்குப் பின் வந்தது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த அரங்குகளின் நஷ்டத்துக்கு நடுவில், 2022 மார்ச் 27 அன்று பி.வி.ஆரும் ஐநாக்ஸும் இணைவதாக அறிவித்தன. தொழிற்சாலை வாயுக்களைத் தயாரிக்கும் ஜெயின் குடும்பத்தின் கிளைதான் ஐநாக்ஸ் தியேட்டர்கள். 10 ஐநாக்ஸ் பங்குகளுக்கு 3 பி.வி.ஆர். பங்குகள் என்பது விகிதம். அறிவிப்பின்போது இருவருக்கும் சேர்த்து 1,546 திரைகள் இருந்தன. போட்டி அழிந்துவிடும் என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்டி ஆணையத்திடம் முறையிட்டது, ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. எனக்கு அதில் வருத்தம்தான். எதிரெதிராகப் போட்டியிட்டவர்கள் ஒன்றாகும்போது பார்வையாளருக்கு இருந்த ஒரு தேர்வு குறைகிறது.

இனி, "யாருடையது" என்ற கேள்விக்கு முழுப் பதில். இணைப்புத் திட்டத்தின்படி புதிய நிறுவனத்தின் பங்குகளில் ஐநாக்ஸ் தரப்புக்கு 16.66 சதவீதம், பி.வி.ஆர். தரப்புக்கு 10.62 சதவீதம். அதிகப் பங்கு ஜெயின் குடும்பத்திடம், நிர்வாக இயக்குநர் பொறுப்பு அஜய் பிஜ்லியிடம். மீதமுள்ள ஏறத்தாழ முக்கால் பங்கு பரஸ்பர நிதிகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், பொதுமக்கள் என்று சிதறிக் கிடக்கிறது. உங்கள் மாதச் சேமிப்பு ஏதாவதொரு பங்கு நிதிக்குப் போகிறதென்றால், சத்யத்தின் ஒரு துளி உங்களுக்கும் சொந்தமாக இருக்கக்கூடும்.

1974 முதல் 1990-கள் வரையான சத்யத்தைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. சாந்தத்திலோ சுபத்திலோ படம் ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். உங்கள் பெயரோடு இந்தப் பதிலில் சேர்த்துவிடுகிறேன்.