ஒரே கார்ட், இரண்டு வேலை

வணக்கம் சார்,

கீபோர்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சி மேஜர் பாடத்தில் ஜி, பி, டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாமினன்ட்' என்கிறார் ஆசிரியர். ஜி மேஜர் பாடம் வந்ததும் அதே மூன்று கட்டைகள் 'டானிக்' ஆகிவிடுகின்றன. ஒலி ஒன்றுதானே? வெறும் பெயர் விளையாட்டா இது?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

ஒலி ஒன்றேதான். இப்படிச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்தான் கார்ட். பாட்டு வந்து இளைப்பாறும் வீடு டானிக்; அந்த வீட்டை நோக்கி இழுக்கும் கார்ட் டாமினன்ட். ஆனால் முன்னால் என்ன கேட்டோம் என்பதைக் காது மறப்பதில்லை. சி, எஃப், ஜி கார்டுகளை வரிசையாக வாசித்து அங்கேயே நிறுத்திப் பாருங்கள். அந்தரத்தில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஜி, சி, டி வாசித்துவிட்டு அதே ஜி-க்கு வாருங்கள். அப்பாடா என்று இருக்கும்.

முதல் வரிசையில் தவிப்பு எதனால்? ஜி கார்டில் உள்ள பி-க்கு அடுத்த கட்டையே சி. அங்கே ஏறத் துடிக்கிறது அது. கூடவே எஃப்-ஐயும் சேர்த்து ஜி செவன்த் ஆக்கினால் இழுப்பு இன்னும் பலம்: பி ஏறி சி ஆகும், எஃப் இறங்கி ஈ ஆகும். சி மேஜர் வந்துவிட்டது.

கர்நாடக இசையில் தம்புரா ஸட்ஜத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மேற்கத்திய இசையில் தம்புரா கிடையாது. டானிக் எது என்று கார்டுகள்தான் சொல்லியாக வேண்டும். ஆகவே அவை பொய்யும் சொல்லலாம்!

அந்தப் பொய்யை ரசிக்க, 1800-இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் முதல் சிம்பொனியைக் கேளுங்கள். சி மேஜரில் எழுதியது. ஆனால் முதல் கார்டே சி, ஈ, ஜி-யோடு ஒரு பி ஃப்ளாட் (பி-க்கு முந்தைய கறுப்புக் கட்டை). அந்த ஒரு சுரம் போதும், டானிக்காக உட்கார வேண்டிய கார்ட் சி செவன்த் ஆகி எஃப் மேஜருக்குக் கிளம்பிவிடுகிறது. இரண்டாவது பாரில் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஜி செவன்த். சரி, இப்போதாவது சி வரும் என்று பார்த்தால் ஏ மைனர். மூன்றாவதில் டி செவன்த், அது ஜி-யில் போய் இறங்குகிறது. மெதுவான 12 பார் முடிந்து வேகப் பகுதி தொடங்கும்போதுதான் மனிதர் சி-யில் அழுத்தமாகக் காலூன்றுகிறார். சுத்தக் குறும்பு.

டானிக், சப்டாமினன்ட் (சி மேஜரில் எஃப் கார்ட்), டாமினன்ட் என்ற மூன்று வேலைகளுக்குள் எல்லாக் கார்டுகளையும் அடக்கிக் கோட்பாடு எழுதியவர் ஜெர்மன் இசை அறிஞர் ஹூகோ ரீமான், 1893-இல். பீத்தோவன் இறந்து 66 ஆண்டுகளுக்குப் பிறகு. அதனால் பெயர்களை மெதுவாகவே கற்றுக்கொள்ளலாம். அதற்கு முன் அந்த மூன்று பார்களை வகுப்பில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.